பொருளாதாரத் தடைக்காலத்து விஞ்ஞானம்: 1990 – 1995

எமது கல்லூரியின் பவளவிழா மலரைப் புரட்டினால், 1990 தொடக்கம் 1995 வரையான காலம் ஒரே பந்தியில் முடிந்துவிடுகிறது. இடர்ப்பாடுகளின் மத்தியிலும் கல்விப்பணி தொடர்ந்தது என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு முந்திய பக்கங்களில் ஆய்வுகூடம் திறந்த திகதியும், நுணுக்குக்காட்டி அன்பளிப்புச் செய்தவரின் பெயரும் உண்டு. எழுதியவர்களில் பிழை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஒரு பந்திக்குள்தான் எங்கள் பதினொரு வயது முதல் பதினாறு வயது வரை அடங்கியிருக்கிறது. 1990இல் ஆறாம் வகுப்பில் இருந்த எங்கள் அணியினர் விஞ்ஞானத்தைக் கையால் செய்து பழகியது ஆய்வுகூடத்தில் அல்ல. வீட்டு விறாந்தையிலும் கிணற்றடியிலும்தான். அதை இந்த நூற்றாண்டு மலரிலாவது பதிந்துவைக்க விரும்புகிறோம்.

1990 ஆனியில் போர் மீண்டும் தொடங்கியது. குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் என்று தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டது. வெளிநாடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது பெற்றோல் இல்லாதது உடனே விளங்குகிறது. பற்றரி இல்லாதது விளங்குவதில்லை. பற்றரி இல்லையென்றால் றேடியோ இல்லை, ரோர்ச் லைற் இல்லை, சுவர் மணிக்கூடு இல்லை. தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு மேல் அம்மாமார் துணி விரித்துப் பூச்சாடி வைத்தார்கள்.

முதலில் செய்து பழகியது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விடுவோம். சைக்கிள் வால்வின் குழாய்க்குள் திரியைக் கோத்து, கம்பியில் கட்டி உள்ளே இறக்குவோம். போத்தலே சிமினியாகிவிடும். காற்றுக்கு அணையாது. தட்டுப்பட்டுச் சரிந்தாலும் எண்ணெய் ஓடாது. இந்தக் கடைசிக் குணத்தின் பெறுமதி, எங்களுள் சிலர் மருத்துவம் படித்துத் தீக்காயம் பட்டவர்களைப் பார்க்கத் தொடங்கிய பிறகே விளங்கியது. சாதாரண குப்பி விளக்குச் சரிந்து எரிந்தவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர அவர்கள் அதற்காகவே, குட்டையான, கனமான, உருளாதபடி இரு பக்கமும் தட்டையான, திருகு மூடி போட்ட விளக்கொன்றை உருவாக்கினார். அதற்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அதை வாசித்தபோது எங்கள் ஜாம் போத்தலை நினைத்துக்கொண்டோம். பெருமையாகச் சொல்லவில்லை. எங்கள் விளக்கின் புகையில் படித்துவிட்டுக் காலையில் மூக்கைத் துடைத்தால் லேஞ்சி கறுப்பாகும். அந்தப் புகை சுவாசப்பைக்கு என்ன செய்யும் என்பது இப்போது எங்களுக்குத் தெரியும்.

அடுத்தது டைனமோ. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, றேடியோவில் இரவு 9.15க்குத் தமிழோசை கேட்பது குடாநாடு முழுவதும் நடந்த காரியம். அதை நாங்கள் கண்டுபிடித்தோம் என்று சொன்னால் பாவம். ஆனால் எங்கள் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோ கேட்பது நேரோட்டம் என்று புத்தகத்தில் படித்த அன்றே, பழுதாய்க் கிடந்த தொலைக்காட்சிப் பெட்டியொன்றைத் திறந்து நான்கு இருவாயிகளைக் கழற்றிவிட்டாள். பற்றாசு வைக்க மின்சாரம் ஏது? செப்புக் கம்பியொன்றைச் சிரட்டைக்கரித் தணலில் பழுக்கவைத்து ஒட்டினாள். றேடியோ பாடியது, கூடவே வண்டு இரைவதுபோல ஓர் இரைச்சல். அதே பெட்டியிலிருந்து ஒரு கொள்ளளவியையும் எடுத்துக் குறுக்கே பூட்டியதும் இரைச்சல் அடங்கியது.

பிறகு ஒரு நாள், செய்தி கேட்கும் அவதியில் நாங்கள் வேகமாகச் சுற்றியதில் அயல்வீட்டு மாமாவின் றேடியோ புகைந்துபோயிற்று. மாமா ஏசவில்லை. "பரவாயில்லை பிள்ளையள், இனி ஒரு கெட்ட செய்தியும் கேக்கத் தேவையில்லை" என்றார். அவள்தான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். டைனமோவில் 6 வோல்ற் என்று எழுதியிருக்க றேடியோ ஏன் எரிந்தது? மூன்றாம் நாள் விடையோடு வந்தாள். டைனமோ 6 வோல்ற் தருவது சைக்கிளின் மின்குமிழ் எரியும்போதுதான். குமிழைக் கழற்றிவிட்டுச் சிறிதளவே மின்னோட்டம் எடுக்கும் றேடியோவை மட்டும் பூட்டினால், சுற்றும் வேகத்தோடு வோல்ற்றளவும் ஏறிக்கொண்டே போகும். ஆகவே குமிழைக் கழற்றாமல், டைனமோவுக்கு நேரே சமாந்தரமாக விட்டுவிட வேண்டும். மிகுதியை அது எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு றேடியோ எதுவும் எரியவில்லை. செய்தி முடியும்வரை அந்தக் குமிழின் வெளிச்சத்தில் ஒருத்தி கணக்கும் செய்யலாம்.

விஞ்ஞான ரீச்சர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இது என்ர புத்தகத்தில இல்லை. நீ வந்து கரும்பலகையில கீறு" என்றார். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்படி வெண்கட்டியைக் கொடுத்த ஆசிரியையின் பெயர் எந்தப் பரிசளிப்பு விழா அறிக்கையிலும் வராது.

செத்த பற்றரிகளையும் விடவில்லை. வெயிலில் காயவிட்டும், துளையிட்டு உப்புத்தண்ணீர் ஊற்றியும் அவற்றின் ஆயுளைக் கொஞ்சம் இழுத்தோம். முற்றாக முடிந்ததும் உடைத்தோம். நடுவிலிருந்த காபன் கோல் மின்பகுப்புக்கு மின்வாயாயிற்று. கறுப்புத்தூளில் மங்கனீசு ஈரொட்சைட்டு இருந்தது. அதை ஐதரசன் பேரொட்சைட்டில் இட்டால் ஒட்சிசன் பொங்கியது, தணற்குச்சி சுடர்விட்டு எரிந்தது. கைதட்டினோம். அந்தப் பேரொட்சைட்டு எங்களில் ஒருத்தி வீட்டில் தாத்தாவின் கால் புண் கழுவ வைத்திருந்தது. ஆஸ்பத்திரியிலேயே மருந்துக்குத் தட்டுப்பாடான நாள்கள் அவை. அரைப் போத்தலை ஒரு பின்னேர வேடிக்கைக்குச் செலவழித்துவிட்டோம். அன்று ரீச்சரிடம் வாங்கிய ஏச்சு நியாயமானது.

பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்த கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். நுரை வருவதற்குக் காரணம் அதிலுள்ள சபோனின் வகைப் பொருள்கள் என்பதும், கொடியில் காய்ந்த சட்டையை மாடு சப்பியதற்குக் காரணம் நாங்கள் சரியாக அலசாதது என்பதும் மட்டும் இங்கே போதும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விடமுடியாது. அதற்கு முன்பு எங்கள் வீடுகளில் குறடும் சுத்தியலும் அண்ணன்மாருடைய சாமான்கள். அண்ணன்மார் வெளிநாடு போனார்கள். வேறு இடங்களுக்கும் போனார்கள். சாமான் பெட்டி வீட்டில் நின்றது. யாரும் எங்களுக்கு அதைத் தரவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. அந்த இடைவெளியில்தான் இத்தனையும் நடந்தன.

1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தது. அந்த மார்கழியில் நாங்கள் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தவர்கள். அவளுடைய சைக்கிளில் அன்று அம்மம்மாவும் ஒரு அரிசிப்பையும் போயின. எங்களிற் பலர் தென்மராட்சியில் தங்கி 1996 சித்திரைக்குப் பிறகு திரும்பினோம். அவளுடைய குடும்பம் கிளாலி கடந்து வன்னிக்குப் போனது. அவள் பிறகு கல்லூரிக்கு வரவில்லை.

வந்தவர்கள் படித்தோம். கெட்டிக்காரி என்றால் உயிரியல் என்பது அன்றைய வழக்கம். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிப்பதென்றால் வேறு பாடசாலைக்குப் போகவேண்டும். அதற்கு வீடுகள் சம்மதிக்கவில்லை. எங்கள் அணியிலிருந்து மருத்துவர்கள் வந்தோம், கணக்காளர்கள் வந்தார்கள், ஆசிரியைகள் வந்தார்கள். ஒரு மின்பொறியியலாளர்கூட வரவில்லை. மின்சாரம் திரும்பி வந்ததும் சுவிற்சைப் போட்டுவிட்டுக் குறட்டைக் கீழே வைத்துவிட்டோம்.

அவள் இன்று வன்னியில் தையல் மெசினும் தண்ணீர்ப் பம்பும் திருத்துகிறாள். இக்கட்டுரையை எழுதுமுன் போய்ச் சந்தித்தோம். "என்ர பேரைப் போடாதேங்கோ" என்றாள். வாசித்துக் காட்டியபோது, கொள்ளளவியின் அளவை ஏன் எழுதவில்லை என்று கேட்டாள். "470 மைக்ரோபரட், 25 வோல்ற். எழுதாட்டி வாசிக்கிற பிள்ளையள் சின்னதைப் போட்டு இரைச்சல் கேக்கப்போகுதுகள்." எழுதிவிட்டோம்.

நூற்றாண்டு விழாக் கண்காட்சியில் அக்காலத்துக்கென ஒரு மேசை கேட்டிருக்கிறோம். ஜாம் போத்தல் விளக்கோ, பழைய டைனமோவோ, அக்காலத்து விஞ்ஞானக் கொப்பியோ எந்த நாட்டில் எந்தப் பெட்டிக்குள் கிடந்தாலும், தயவுசெய்து சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். விழா முடிந்ததும் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.