248 எம்பி கணக்கும் ஆகன் நகரத்துக் கார்டும்

செமஸ்டர் ஆணிகளுக்கு நடுவுல ஒரு வழியா எட்டிப் பார்க்கிறேன். தீசிஸ் ஆரம்பிக்குது, புதுப் பொட்டி வாங்கணும். பகுதி நேர வேலையில் சேர்த்த 500 யூரோதான் கையில் இருக்கு. ஆன்போர்ட் கிராபிக்ஸ் போதுமா, தனி கார்டு வேணுமா? "கார்டு இல்லாத பொட்டியெல்லாம் ஒரு பொட்டியாடா?"ங்கிறார் அறையில் கூட இருக்கிற சீனியர். முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2004-ல் எங்க சித்தப்பா ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பொட்டி அசெம்பிள் பண்ணினார். இன்டெல் 845ஜிவி சிப்செட். 256 எம்பி ராம் போட்டிருந்தாலும் விண்டோஸ் 248-ன்னுதான் காட்டும். "எட்டு எம்பிய எவனோ ஆட்டையப் போட்டுட்டான்"னு ரொம்ப நாள் புலம்பினார். உண்மையில் அதை எடுத்துக்கிட்டது ஆன்போர்ட் கிராபிக்ஸ். அதுக்குன்னு சொந்த மெமரி கிடையாது, ராமில் கடன் வாங்கித்தான் பிழைப்பு. சரி, கார்டு போட்டுக்கலாம்னு பின்னாடி பொட்டியைத் திறந்தா, ஏஜிபி ஸ்லாட்டே இல்லை! அந்த சிப்செட்டே அப்படித்தான்.

இப்ப ஆகனுக்கு வருவோம். போன மாசம் இங்கே பழைய பொருள் சந்தையில் 5 யூரோவுக்கு ஒரு கார்டு கிடைச்சுது. எல்சா எரேசர் எக்ஸ். விற்ற தாத்தா, "இது நம்ம ஊர் சரக்குப்பா"ன்னார். நிஜம்தான். எல்சா 1980-ல் இதே ஆகனில் தொடங்கின கம்பெனி. மோடமும் கிராபிக்ஸ் கார்டும் அவங்க தொழில். பிரவுன்ஷ்வைக்கில் மீரோ, ஷ்டார்ன்பர்க்கில் ஸ்பேயான்னு 90-களில் ஜெர்மனியில் இன்னும் சில கார்டு கம்பெனிகளும் இருந்தன.

என் கையில் இருக்கும் கார்டில் உட்கார்ந்திருப்பது என்விடியாவின் ஜிபோர்ஸ் 256, 1999-ல் வந்த சிப். முப்பரிமாணக் காட்சிக்கான வடிவக் கணக்கையும் ஒளிக் கணக்கையும் சிபியுவிடம் இருந்து பிடுங்கித் தானே செஞ்சுது. ஜிபியுங்கிற பேரையும் என்விடியா இதை வச்சுத்தான் பரப்புச்சு.

அதே 1999-ல்தான் இன்டெல் 810 சிப்செட்டும் வந்துது. கிராபிக்ஸ் உள்ளேயே, ஏஜிபி ஸ்லாட் கிடையாது, விலை கம்மி. என்ன இழப்புன்னு ஒரு சின்னக் கணக்கு. 1024×768 திரை, 24 பிட் நிறம், ஒரு படத்துக்குச் சுமார் 2.36 எம்பி. அந்தக்கால மானிட்டரில் நொடிக்கு 85 தடவை வரையணும்னா 200 எம்பி. பிசி100 ராம் அதிகபட்சமாத் தருவது நொடிக்கு 800 எம்பி. ஆக, சும்மா திரையைக் காட்டவே ராமின் வேகத்தில் கால் பங்கு காலி. தனி கார்டுக்குத் தனி மெமரி, இந்தப் பங்காளிச் சண்டையே இல்லை.

ஆனா லெட்டர் அடிக்கிறவங்களுக்கு அந்த முக்கால் பங்கே தாராளம். ஆபீஸ் பொட்டிகளுக்குக் கார்டு தேவைப்படாம போச்சு. மிச்சமிருந்த விளையாட்டுச் சந்தையிலோ சிப் செய்றவங்க கைதான் ஓங்கியிருந்துது. எல்சா அடுத்தவங்க சிப்பை வாங்கி கார்டு செய்த கம்பெனி. 2002-ல் திவால். அதன் நெட்வொர்க் பிரிவு மட்டும் பிரிஞ்சு, பக்கத்து ஊர் வூர்செலனில் லேன்காம்னு இன்னிக்கும் இருக்கு. இருபது வருஷம் கழிச்சு 2022-ல் அமெரிக்காவின் ஈவிஜிஏவும் கார்டு தொழிலை விட்டு விலகிச்சு. அவங்களும் என்விடியா சிப்பை நம்பி இருந்தவங்கதான்.

அப்ப கார்டு ஏன் சாகலை? ஆன்போர்ட் நேத்து வேலையைப் பிடிக்கும்போதெல்லாம் நாளைய வேலை ஒண்ணு முளைச்சுக்கிட்டே இருந்துது. 2007-ல் பிராங்பர்ட்டின் கிரைடெக் 'கிரைசிஸ்' விளையாட்டை விட்டாங்க, நல்ல கார்டுகளுக்கே நாக்கு தள்ளிச்சு. 2012-ல் டொராண்டோவில் அலெக்ஸ்நெட், தலா 3 ஜிபி மெமரியுள்ள ரெண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகளில் படங்களை அடையாளம் காணக் கத்துக்கிச்சு. என் தீசிஸும் அந்த வழியில் வந்ததுதான்.

இன்னொரு பக்கம், இன்டெல் 2010-ல் கிராபிக்ஸை சிபியு பொதிக்குள்ளேயே கொண்டுவந்துது. ஆப்பிள் 2020-ல் எம்1 சிப்பில் ஒரே மெமரியைப் பகிர்வதையே பெருமையா விளம்பரம் பண்ணிச்சு. சித்தப்பா புலம்பின அதே விஷயம்!

சரி, என் முடிவு. பெரிய கணக்குகளுக்கு எங்க துறையின் சர்வர் இருக்கு. வீட்டில் கோட் எழுதி, சின்னதா சோதிச்சா போதும். அதனால கிராபிக்ஸ் உள்ள சிபியு (இன்டெல் வாங்கறவங்க கவனம், எஃப்-ல் முடியும் மாடல்களில் கிராபிக்ஸ் கிடையாது), காலியா ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் x16 ஸ்லாட், கார்டைத் தாங்குற பவர் சப்ளை. கார்டு பிறகு. இன்னிக்கே கடன் வாங்கி கார்டு போட்டா சொந்த செலவில் சூனியம். ஸ்லாட்டே இல்லாம வாங்கினா சித்தப்பா கதை.

பொட்டியை ஓட்டிப் பார்த்ததும் சித்தப்பாவுக்குப் போட்டோ அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்துது: "ராம் முழுசா காட்டுதாடா?"

இல்லை சித்தப்பா, இப்பவும் கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டுது.