ஒரு கட்டடமும் மூன்று பெயர்களும்

சென்னைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில், வளைந்த முகப்போடு வங்கக் கடலை நோக்கி நிற்கிறது விவேகானந்தர் இல்லம். மக்கள் நாவில் அது இன்றும் 'ஐஸ் ஹவுஸ்'தான். மனிதர் வாழ்வதற்காக எழுந்த மாளிகையன்று அது. பனிக்கட்டி உருகாதிருப்பதற்காக எழுந்த கிடங்கு.

அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறையும் ஏரி நீரை வெட்டி வெப்ப நாடுகளுக்கு விற்றவர். 1833இல் அவர் அனுப்பிய 'டஸ்கனி' என்னும் கப்பல், ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டு, நான்கு திங்கள் கழித்துச் சுமார் 100 டன்னுடன் கல்கத்தாவை அடைந்தது. அவ்வணிகத்தின் தொடர்ச்சியாகவே 1842இல் சென்னைக் கிடங்கு உருவாயிற்று. அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து சரக்குகளை மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து கரை சேர்த்தன. எனவே கிடங்கு கரையை ஒட்டியே அமைந்தது. தடித்த சுவர்களும் உருண்டை வடிவும் வெப்பத்தைத் தடுப்பதற்கே. பலகணிகளுக்கு அங்கே வேலையில்லை.

இலக்கியத்திலும் இவ்வணிகத்திற்கு ஒரு சுவடு உண்டு. 1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளத்தில் பனிக்கட்டி வெட்டப்படுவதைக் கண்ட தோரோ, 1854இல் வெளிவந்த தம் 'வால்டன்' நூலில், அக்குளத்து நீரைப் பருகுவோர் வரிசையில் சென்னை மக்களையும் வைத்துப் பார்த்தார்.

1870களில் நீராவிப் பொறியால் சென்னையிலேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் கடல் கடந்து வந்த பனிக்கட்டி விலைபோகவில்லை. கைமாறிய கிடங்கை உயர்நீதிமன்ற வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். வட்டத் தாழ்வாரங்களும் பலகணிகளும் அமைத்து அதனை வீடாக்கி, நீதிபதி கெர்னன் நினைவாகக் 'கெர்னன் கோட்டை' எனப் பெயரிட்டார். காற்றைத் தடுக்கக் கட்டிய சுவர்கள் அன்றுதான் காற்றுக்கு வழிவிட்டன. மேலைநாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 பிப்ரவரி 6 முதல் 14 வரை அங்கே தங்கினார். அதன்பின் சுவாமி இராமகிருஷ்ணானந்தர் அங்கிருந்தே சென்னையில் மடத்தின் பணியை வளர்த்தார். 1906இல் வீடு ஏலத்தில் போயிற்று. அடுத்த ஆண்டே மடம் மயிலாப்பூரில் தனக்கென ஓர் இடம் கொண்டது.

1917இல் அரசு அக்கட்டடத்தை வாங்கியது. சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இளம் விதவையர் விடுதி அங்கே குடிபுகுந்தது. அவரும் குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்தவர். 1911இல் பட்டம் பெற்றவர். விதவை எதிரே வந்தால் தீச்சகுனம் என்று ஒதுங்கிய காலத்தில், அப்பெண்கள் கடற்காற்று வீசும் அறைகளில் அமர்ந்து பாடம் படித்தனர். 1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கும் அவரே முதல் முதல்வர். வீட்டின் மூலையில் முடங்கியிருக்க வேண்டும் எனச் சமூகம் விதித்த பெண்கள் ஆசிரியைகளாக வகுப்பறைகளுள் நுழைந்தனர். 1941 வரை விதவையர் இல்லமாக இருந்த கட்டடம், பின்னர் நெடுங்காலம் ஆசிரியப் பயிற்சி பெறுவோரின் விடுதியாயிற்று.

விவேகானந்தர் நூற்றாண்டான 1963இல் அதற்கு இன்றைய பெயர் வந்தது. 1997இல் அரசு அதை இராமகிருஷ்ண மடத்திற்குக் குத்தகைக்கு அளித்தது. இதற்கிடையே, துறைமுகக் கட்டுமானத்தால் தெற்கே மணல் சேர்ந்து, கடலும் கட்டடத்தை விட்டு விலகிப் போயிற்று.

வணிகப் பொருள் ஒரு பெயரைத் தந்தது. நீதிபதி ஒரு பெயரையும், ஒன்பது நாள் தங்கிய துறவி ஒரு பெயரையும் தந்தனர். கால் நூற்றாண்டு வாழ்ந்து, படித்து, வெளியேறிய பெண்களின் நினைவாக மட்டும் அக்கட்டடத்திற்குப் பெயரேதும் அமையவில்லை. டியூடரின் சரக்கில் எஞ்சியது எதுவுமில்லை. அப்பெண்கள் கற்பித்த எழுத்தோ, அவர்தம் மாணவியர் வழியே தலைமுறைகளைக் கடந்தது. ஐஸ் ஹவுஸின் வரலாற்றை எழுதப் புகுவோர், பனிக்கட்டிக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியையேனும் அவர்களுக்கு ஒதுக்குதல் வேண்டும்.