சாங்கிச் சுவரும் சூறைக்காற்றின் கணக்கும்

சிங்கப்பூரின் கீழைக் கோடியில் உள்ள சாங்கியில், மண்ணுக்கடியில் நெடுங்காலம் மறைந்து கிடந்த சுரங்க வழிகளைச் சிறைத்துறையினர் 1991ஆம் ஆண்டு கண்டறிந்தனர். ஜொகூர் பீரங்கித் தளத்தின் வெடிமருந்து அறைகளைச் சார்ந்த வழிகள் அவை. 1930களில் ஆங்கிலேயர் கட்டிய அத்தளத்தில் 15 அங்குல வாயகலமுடைய மூன்று பெரும் பீரங்கிகள் நிறுவப்பட்டன. ஜொகூர் சுல்தான் இப்ராகிம் அளித்த நன்கொடையின் நினைவாகத் தளம் அப்பெயர் பெற்றது. இன்று அங்கே பீரங்கியின் மாதிரியொன்று மட்டுமே நிற்கிறது.

அணுமின் நிலையச் சுவர்களின் வரலாற்றைக் கூற வந்த கட்டுரை பீரங்கித் தளத்தில் தொடங்குவானேன் என்று மாணவர் வினவலாம். விரைந்து வரும் பொருளொன்று சுவரில் மோதினால் எவ்வளவு ஆழம் துளைக்கும் என்னும் கணக்கு பிறந்த இடம் போர்க்களமே. பெட்ரி என்பார் 1910இல் ஒரு வாய்பாட்டை அளித்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு ஆய்வுக் குழுவினர் நடத்திய சோதனைகளிலிருந்து 1946இல் மற்றொரு வாய்பாடு உருவாயிற்று. பீரங்கிக் குண்டுக்காக வகுக்கப்பட்ட இவ்வாய்பாடுகளே பின்னாளில் திருத்தம் பெற்று, அணு உலையைக் காக்கும் சுவரின் தடிப்பைக் கணிக்கவும் பயன்பட்டன.

அணு உலைக்குக் குண்டெறிவது யார்? காற்றுத்தான். டொர்னாடோ எனப்படும் சூறைக்காற்று மேகத்திலிருந்து தரைவரை தொங்கிச் சுழல்வது. சிறிது நேரமே நிலைப்பினும், தன் வழியில் உள்ள மரக்கட்டை, கூரைத் தகடு, இரும்புக் குழாய், மோட்டார் வண்டி ஆகியவற்றை வாரி எறியவல்லது. காற்றின் அழுத்தத்தைத் தடித்த சுவர் எளிதில் தாங்கிவிடும். காற்று எறியும் பொருளைத் தாங்குமா என்பதே பொறியியலார் எதிர்கொண்ட வினா.

இவ்வாராய்ச்சியில் முதலிடம் பெறுபவர் ஜப்பானில் பிறந்த தெட்சுயா ஃபுஜிட்டா (1920–1998). 1945இல் அணுகுண்டு வீழ்ந்த நாகசாகியையும் ஹிரோஷிமாவையும் சில வாரங்களுக்குள் நேரிற் கண்டு, எஞ்சிய அழிவின் தடயங்களைக் கொண்டு குண்டு வெடித்த உயரத்தை ஆராய்ந்தவர் அவர். பின்னர்ச் சிக்காகோ பல்கலைக்கழகம் சென்று, அதே முறையைச் சூறைக்காற்றுக்கும் கையாண்டார். சூறையின் நடுவில் கருவியை நிறுத்தி வேகத்தை அளப்பது அரிது; ஆதலின், இடிந்த வீட்டையும் சாய்ந்த மரத்தையும் பார்த்து வேகத்தை மதிப்பிட்டார். 1971இல் அவர் வகுத்த அளவுகோல் உலகெங்கும் பரவியது.

1974ஆம் ஆண்டு ஏப்ரல் 3, 4 ஆகிய நாள்களில் வட அமெரிக்காவை 148 சூறைகள் தாக்கின. அதே மாதம் அமெரிக்க அணுசக்தி ஆணையம் ஒரு வழிகாட்டி நெறியை வெளியிட்டது. சூறை மிகுந்த பகுதிகளில் அமையும் அணுமின் நிலையம் மணிக்கு 360 மைல், அதாவது ஏறத்தாழ 580 கிலோமீட்டர் வேகமுள்ள சூறையைத் தாங்க வேண்டும் என்பது அந்நெறி. ஓரிடத்தில் ஒரு கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரக்கூடியது என்னும் அளவுக்கு அரிதான நிகழ்ச்சியையே அவர்கள் எல்லையாகக் கொண்டனர்.

சுவர் தோற்கும் வகை ஒன்றன்று. மோதும் பொருள் சுவருக்குள் ஓரளவு புகுந்து நின்றுவிடலாம். ஊடுருவி மறுபுறம் வெளிவரலாம். மூன்றாவது வகை நுட்பமானது. பொருள் வெளிப்புறத்திலேயே நின்றுவிடும். ஆனால் அதிர்ச்சி அலை சுவரைக் கடந்து சென்று, உட்புறத்துக் கான்கிரீட்டைப் பெயர்த்தெறியும். வெளியிலிருந்து காண்போருக்குச் சுவர் நின்றதாகவே தோன்றும். உள்ளிருக்கும் கருவிகளோ சுவரின் சிதறலாலேயே பழுதுறும்.

பீரங்கிக் குண்டு கெட்டியானது; மோதும்போது எளிதில் நசுங்குவதில்லை. மரக்கம்பமும் மோட்டார் வண்டியும் அத்தகையன அல்ல. ஆதலின் பழைய வாய்பாடுகளை நேரிற் சோதிக்க வேண்டியதாயிற்று. 1970களின் பிற்பகுதியில், நியூ மெக்சிகோவில் உள்ள சாண்டியா ஆய்வுக்கூடத்தில், மின்கம்பங்களையும் இரும்புக் குழாய்களையும் ராக்கெட் வண்டியில் ஏற்றிக் கான்கிரீட் பலகைகளின்மீது மோதவிட்டனர். பெரிய மரக்கம்பம் தானே சிதறிப்போயிற்று. சுவருக்கு ஊறு மிகக் குறைவு. அதனினும் எடை குறைந்த இரும்புக் குழாயே சுவரை மிகுதியாக வருத்தியது. பருமனைக் கண்டு அஞ்சுவது அறிவன்று என்பது இச்சோதனை புகட்டிய பாடம்.

இதற்கிடையில், டெக்சஸ் மாநிலத்து லப்பக் நகரை 1970 மே 11இல் தாக்கிய சூறையின் அழிவை அந்நகர்ப் பல்கலைக்கழகத்தார் நுணுகி ஆராய்ந்தனர். அவர்களுள் ஒருவர் இந்தியாவில் பிறந்த பொறியியலறிஞர் கிஷோர் மேத்தா. வீடுகள் இடிந்து விழ, முன்பு எண்ணிய அத்துணை வேகம் தேவையில்லை என அவர்கள் கண்டனர். இத்தகைய ஆய்வுகளின் பயனாக 2007இல் ஃபுஜிட்டா அளவுகோல் திருத்தப்பெற்றது. வழிகாட்டி நெறியின் உச்ச வேகமும் மணிக்கு 230 மைலாக, அதாவது ஏறத்தாழ 370 கிலோமீட்டராகக் குறைந்தது. எறிபொருள்கள் மூன்றென வகுத்தனர்: மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 130 கிலோகிராம் இரும்புக் குழாய், அதே வேகத்தில் வரும் 1,810 கிலோகிராம் மோட்டார் வண்டி, ஓரங்குல இரும்பு உருண்டை. வண்டி சுவரின் மொத்த வலிமையையும், குழாய் துளைபடும் தன்மையையும், உருண்டை சிறு திறப்புகளின் காவலையும் சோதிப்பன.

அழிவைக் கண்டு வேகத்தை ஊகித்த அளவு பின்னர்த் தவறென அறியப்பட்டுத் திருத்தம் பெற்றதை மாணவர் கருத்தில் இருத்த வேண்டும். அளவை மாற்றிக்கொண்டது அவ்வறிவியலின் குறையன்று, நேர்மையே.

சுவர்கள் நின்றன, ஆயின் இடர் வேறு வழியில் வந்தது. 1998 ஜூன் 24இல் ஒகையோ மாநிலத்து டேவிஸ்-பெஸ் நிலையத்தைச் சூறை தாக்கியது. 2011 ஏப்ரல் 27இல் அலபாமா மாநிலத்து பிரவுன்ஸ் ஃபெரி நிலையத்தின் வட்டாரத்தில் சூறைகள் வீசின. ஈரிடத்தும் அணு உலைக் கூடம் உடையவில்லை. வெளியிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் கம்பிகளே அறுந்தன. நிறுத்தப்பட்ட உலையையும் இடைவிடாது குளிர்விக்க வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். டீசல் மின்னாக்கிகளே அன்று கைகொடுத்தன.

தமிழகத்தின் கல்பாக்கத்திலும் இதை ஒத்த ஒன்று நிகழ்ந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, கடல்நீர் எக்கும் நிலையத்துள் வெள்ளம் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலையை ஊழியர் பாதுகாப்பாக நிறுத்தினர். உலைக்கு ஊறில்லை, அருகிலிருந்த குடியிருப்பிலோ உயிர்கள் பலியாயின.

மீண்டும் சாங்கிக்கு வருவோம். அங்கிருந்த பீரங்கிகள் கடலை மட்டுமே நோக்கின என்பது பலர் வாய்ச் சொல். அது முழுவதும் உண்மையன்று. 1942 பிப்ரவரியில் அவை தரைப்பக்கமும் திரும்பிச் சுட்டன. ஆனால் அவற்றுக்கெனச் சேமித்திருந்த குண்டுகள் பெரும்பாலும் போர்க்கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்கு உரியவை. பரவி வரும் காலாட்படைக்கு ஏற்றவை அல்ல. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்வதற்கு முன் ஆங்கிலேயரே அப்பீரங்கிகளைத் தகர்த்தனர். பீரங்கி வலிமையற்றதன்று, எதிரி எவ்வழி, எவ்வடிவில் வருவான் என்ற எண்ணமே பிழைத்தது. திருக்குறளில் ‘அரண்’ என்னும் அதிகாரத்தை வகுத்த வள்ளுவர், கோட்டையின் உயரத்தையும் உறுதியையும் கூறியதோடு நின்றாரில்லை. செயற்றிறம் உடையோர் இல்லாவிடத்து எத்தகைய அரணும் பயன்படாது என்று முடித்ததன் ஆழம் இங்கே விளங்கும்.

காற்றும் சிங்கப்பூருக்கு இத்தகைய பாடத்தைக் கற்பித்துள்ளது. இத்தீவில் பதிவான மிக வலிய காற்று, 1984 ஏப்ரல் 25இல் தெங்காவில் மணிக்கு 144.4 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியாக வளர்வது. எனவே அமெரிக்க நெறியின் 370 கிலோமீட்டர்ச் சூறை அதனைப்போல் ஏறத்தாழ ஆறரை மடங்கு அழுத்தும். அத்தகைய சூறை இங்கே வீசியதில்லை. எனினும், நிலநடுக்கோட்டை ஒட்டிய இடத்தில் புயல் உருவாகாது என்று பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. 2001 டிசம்பரில், ஏறத்தாழ சாங்கியின் அகலாங்கிலேயே, தென்சீனக் கடலில் ‘வாமெய்’ புயல் உருவாகி, 27ஆம் நாள் சிங்கப்பூருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் ஜொகூரில் கரையேறியது.

சிங்கப்பூர் அரசு 2010இல் அணுமின் ஆய்வைத் தொடங்கி, அன்றிருந்த தொழில்நுட்பம் இச்சிறு தீவுக்குப் பொருந்தாது என 2012இல் அறிவித்தது. புதுவகை உலைகள் தோன்றிவருவதால் 2025இல் அவ்வாய்வு மீண்டும் முன்னிலை பெற்றது. நிலையம் அமைக்கும் முடிவு எடுக்கப்படவில்லை. என்றேனும் ஒருநாள் அம்முடிவு மக்கள்முன் வருமாயின், “சுவர் எத்தனை அடி தடிப்பு?” என்று மட்டும் கேட்டல் போதாது. “எது வரும் என்று எண்ணிக் கட்டினீர்கள்? எண்ணாதது வந்தால் என் செய்வீர்கள்? மின்கம்பி அறுந்தால் உலையைக் குளிர்விப்பது எது?” என்றும் கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்கத் தெரிந்த தலைமுறையை உருவாக்குவது பள்ளிகளின் கடன். சாங்கிக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், பீரங்கியின் நீளத்தை அளந்து காட்டியதோடு அமையாது, அதற்கு வாய்த்த குண்டின் கதையையும் கூறுவாராக.