ராபர்ட் லோரி

ராபர்ட் லோரி (12 மார்ச் 1826 – 25 நவம்பர் 1899) அமெரிக்க பாப்டிஸ்ட் போதகர். ஞாயிறு பள்ளிப் பாடல்களை எழுதியும், மெட்டமைத்தும், தொகுத்தும் பெயர் பெற்றவர். பிலடெல்பியாவில் பிறந்து, லூயிஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் (இன்றைய பக்னெல் பல்கலைக்கழகம்) படித்து 1854இல் பட்டம் பெற்றார். வெஸ்ட் செஸ்டர், நியூயார்க், புரூக்ளின், லூயிஸ்பர்க், பிளெய்ன்ஃபீல்டு ஆகிய ஊர்களில் சபைகளை மேய்த்தார். லூயிஸ்பர்க்கில் இருந்தபோது போதகப் பணியோடு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தார்.

அவருடைய முதல் பெரிய பாடல் புரூக்ளினில் பிறந்தது. ஹான்சன் பிளேஸ் பாப்டிஸ்ட் சபையின் போதகராக இருந்தபோது, 1864 ஜூலையில் வெயில் வாட்டிய ஒரு பிற்பகலில், வெளிப்படுத்தின விசேஷம் 22ஆம் அதிகாரத்தில் வரும் ஜீவத்தண்ணீருள்ள நதியைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தார். அந்த நதிக்கரையில் நாம் ஒன்றுகூடுவோமா என்ற கேள்வி மனத்தில் எழ, அதுவே ‘ஷால் வி கேதர் அட் த ரிவர்’ ஆயிற்று. சரணம் கேட்கிறது, பல்லவி ஆம் என்கிறது. இந்தக் கேள்வி-பதில் அமைப்புதான் லோரியின் கைவண்ணம். 1876இல் வந்த ‘நத்திங் பட் த பிளட்’ பாடலில் அது இன்னும் எளிமையாகிறது: ஒரு கேள்வி, ஒரே பதில், அடுத்த கேள்விக்கும் அதே பதில். எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தையும் முதல் தடவையிலேயே பதில் வரியைப் பிடித்துக்கொள்ளும். 1874இல் எழுதிய உயிர்த்தெழுதல் பாடலான ‘கிரைஸ்ட் அரோஸ்’ வேறு வகை. கல்லறையைப் பற்றிய சரணம் தாழ்ந்த சுரங்களில் மெல்ல நகர்கிறது. பல்லவி தொடங்கியதும் வேகமெடுத்து மேலே ஏறுகிறது. உயிர்த்தெழுதல் என்றால் என்னவென்று சிறுவர்களுக்குச் சொல்ல இதைவிடத் தெளிவான மெட்டு அரிது.

பிறர் எழுதிய பாடல்களுக்கும் பல்லவி சேர்த்தார். ஐசக் வாட்ஸ் 1707இல் வெளியிட்ட பழைய பாடல் ஒன்று, லோரியின் மெட்டும் பல்லவியும் சேர்ந்தபின் ‘மார்ச்சிங் டு சயன்’ என்று புது வாழ்வு பெற்றது. புரூக்ளின் சபையில் இருந்த இல்லத்தரசி ஆனி ஹாக்ஸைப் பாடல் எழுதும்படி ஊக்குவித்தவரும் அவரே. ஹாக்ஸ் 1872இல் எழுதிய ‘ஐ நீட் தீ எவரி அவர்’ லோரியின் மெட்டோடும் பல்லவியோடும் உலகெங்கும் பரவியது. பார்வையற்ற கவிஞர் பேனி கிராஸ்பியின் வரிகளுக்கும் அவர் இசையமைத்தார்.

ஞாயிறு பள்ளிப் பாடல் புத்தகங்களின் முன்னோடியான வில்லியம் பிராட்பரி 1868இல் இறந்தபின், பிக்லோ அண்டு மெயின் பதிப்பகம் அந்தத் தொகுப்புப் பணியை லோரியிடம் ஒப்படைத்தது. இசையமைப்பாளர் வில்லியம் டோனுடன் சேர்ந்து ‘பிரைட் ஜுவல்ஸ்’ (1869), ‘பியூர் கோல்டு’ (1871), ‘ராயல் டயடம்’ (1873), ‘பிரைட்டஸ்ட் அண்டு பெஸ்ட்’ (1875) என வரிசையாகப் புத்தகங்களைக் கொண்டுவந்தார். ‘பிரைட் ஜுவல்ஸ்’ தொகுப்பில்தான் ‘ஹவ் கேன் ஐ கீப் ஃபிரம் சிங்கிங்’ அவருடைய மெட்டோடு இடம்பெற்றது.

லோரி தம்மை முதலில் பிரசங்கியாராகவே கருதினார். பாட்டெழுதுவதைவிட, மனம்வைத்துக் கேட்கும் சபைக்குப் பிரசங்கம் செய்வதையே விரும்புவதாகச் சொன்னார். நதிப் பாடலைக்கூட அவர் உயர்வாக மதிக்கவில்லை. அணிவகுப்பு நடை அதில் இருப்பதால்தான் மக்களுக்குப் பிடித்தது என்பது அவர் எண்ணம். இந்த ஒரு விஷயத்தில் அவர் தமக்கே நியாயம் செய்யவில்லை. அணிவகுப்பு நடையில் எத்தனையோ பாடல்கள் அந்தக் காலத்தில் அச்சேறின, பெரும்பாலானவை மறைந்துவிட்டன. நதிப் பாடலையோ இசையமைப்பாளர் சார்லஸ் ஐவ்ஸ் தம் நான்காம் வயலின் சொனாட்டாவில் எடுத்தாண்டார். ஏரன் கோப்லாண்ட் தனிக்குரலுக்கும் பியானோவுக்கும் அமைத்து 1952இல் ‘ஓல்டு அமெரிக்கன் சாங்ஸ்’ இரண்டாம் தொகுதியில் சேர்த்தார். இயக்குநர் ஜான் ஃபோர்டின் மேற்கத்தியத் திரைப்படங்களில் குடியேறிகள் கூடும் காட்சிகளில் அது திரும்பத் திரும்ப ஒலிக்கிறது.