ஒரு சாசனமும் இரு தொடக்கங்களும்: சுவிட்சர்லாந்துக் கூட்டாட்சியின் தோற்றம்

சுவிட்சர்லாந்தின் ஷ்வீஸ் நகரில் 1936-இல் திறக்கப்பட்ட ஆவணக் காப்பகம், இன்று சாசன அருங்காட்சியகமாக விளங்குகிறது. கூட்டாட்சியின் தோற்றத்தை அறிய அங்குச் செல்லும் மாணவர்கள் முதன்மையாகக் காண்பது, 1291 ஆகஸ்ட் தொடக்கத்தைத் தன் காலமாகக் குறிப்பிடும் இலத்தீன் தோலாவணம் ஒன்றையே. நாட்டின் பிறப்பு ஆவணமாக அது போற்றப்பட்டு வந்துள்ளது. இக்கருத்து எவ்வாறு உருவாயிற்று என்பது ஆராயத்தக்கது.

ஊரி, ஷ்வீஸ், உன்டர்வால்டன் ஆகிய மலைப்பள்ளத்தாக்குச் சமூகங்கள், தாக்கப்படுங்கால் ஒன்றுக்கொன்று துணைநிற்கவும், விலைகொடுத்துப் பதவி பெற்றவரையும் வெளியாரையும் நீதிபதியாக ஏற்காதிருக்கவும் சாசனத்தில் உறுதி பூண்டன. கொலை, தீவைப்பு ஆகிய குற்றங்களுக்குத் தண்டனைகளும் வகுக்கப்பட்டன. ஆயினும் அவரவர் தம் தலைவருக்குரிய கடமையைச் செய்ய வேண்டும் என்றும் அது கூறுகிறது. பொதுச் சட்டமன்றமோ அதிகாரப் பகிர்வோ அதில் இல்லை. எனவே அது அமைதி காக்கும் உடன்படிக்கையேயன்றிக் கூட்டாட்சி அமைப்பன்று.

மேலும், பல நூற்றாண்டுகள் மறக்கப்பட்டிருந்த அச்சாசனம் 1760-இல்தான் அச்சேறியது. அதுவரை மரபுவழிக் கதைகள் விடுதலை உறுதிமொழியை 1307-ஆம் ஆண்டுடன் இணைத்திருந்தன.

அதிகாரப் பகிர்வுடன் கூடிய கூட்டாட்சி நிலைபெற்றது 1848 அரசியலமைப்பினால்தான். மக்கள்தொகை அடிப்படையிலான தேசிய அவையும், கன்டன்கள் எனப்படும் மாநிலங்களின் பேராளர்களைக் கொண்ட மாநிலங்களவையும் அதனால் அமைந்தன. அதற்கு முந்தைய ஆண்டில் கத்தோலிக்கக் கன்டன்களின் சோண்டர்புன்ட் அணி உள்நாட்டுப் போரில் தோல்வியுற்றிருந்தது. சாசனம் செய்த மூன்று பகுதிகளும் அவ்வணியில் இருந்தன; புதிய அரசியலமைப்பையும் அவை வாக்கெடுப்பில் நிராகரித்தன.

இப்பின்புலத்தில் 1891 கொண்டாட்டம் பொருள் பெறுகிறது. கூட்டாட்சி அரசு, தான் உருவான 1848-ஐ விடுத்து, 1291-ஐ நாட்டின் தொடக்கமாகக் கொண்டு அறுநூறாம் ஆண்டு விழாவை ஷ்வீஸில் நடத்தியது. 1848 வென்றோரையும் தோற்றோரையும் நினைவூட்டும் ஆண்டு. 1291-இலோ தோற்றோரே முன்னோடிகளாகின்றனர். நாட்டின் தொடக்கம் பின்னோக்கி நகர்த்தப்பட்டதில், எதிர்த்து நின்ற பகுதிகளை இணைத்துக்கொள்ளும் அரசியல் தேவையும் இருந்தது எனலாம்.

ஆகவே, இங்கு எழும் ஐயம் ஆவணத்தின் மெய்ம்மையைப் பற்றியதன்று. அதன்மேல் ஏற்றப்பட்ட பொருளைப் பற்றியது. கண்ணாடிப் பேழையின் முன் நிற்கும் மாணவர், சாசனம் எப்போது எழுதப்பட்டது என்பதோடு, அது எப்போது, எவருக்காகத் தொடக்கமாக்கப்பட்டது என்றும் வினவும்போதே கூட்டாட்சி வரலாறு ஆய்வாக மலர்கிறது.