மின்னஞ்சல் எழுதும் செயற்கை நுண்ணறிவு: வரலாறு

வந்த மின்னஞ்சலைப் படித்து அதற்குரிய பதிலைப் பரிந்துரைக்கும் அல்லது பயனர் தரும் சில குறிப்புகளைக் கொண்டு முழு அஞ்சலையும் எழுதித்தரும் மென்பொருள்கள் 2015-க்குப் பின் பரவலாயின. இவற்றின் வரலாற்றில் எழுந்த முக்கியச் சிக்கல்கள் இலக்கணப் பிழை சார்ந்தவை அல்ல. யார், யாருக்கு, எந்த உறவில் எழுதுகிறார் என்பதை இயந்திரம் அறியாததால் எழுந்தவை.

பின்னணி

கணினிகளுக்கிடையே முதல் மின்னஞ்சலை 1971-ல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் அர்ப்பாநெட் வலையமைப்பில் அனுப்பினார். அஞ்சல்கள் பெருகியபோது கணினியிடம் முதலில் ஒப்படைக்கப்பட்டது அவற்றைத் தரம்பிரிக்கும் வேலை. ஸ்பேம் எனப்படும் வேண்டாத அஞ்சல்கள் நிகழ்தகவுக் கணக்கின்படி ஒதுக்கப்பட்டன. 2010-ல் ஜிமெயில், முக்கியமான அஞ்சல்களைக் கணித்து மேலே வைக்கும் 'பிரியாரிட்டி இன்பாக்ஸ்' வசதியை அளித்தது. பதிலையும் இயந்திரமே எழுதும் என்பது அக்காலத்தில் வேடிக்கையாகவே இருந்தது. 2009 ஏப்ரல் 1 அன்று கூகுள், 'ஜிமெயில் ஆட்டோபைலட்' என்ற பெயரில் அப்படி ஒரு வசதியை முட்டாள்கள் தின நகைச்சுவையாக அறிவித்தது.

ஸ்மார்ட் ரிப்ளை

ஆறு ஆண்டுகளுக்குப் பின், 2015 நவம்பரில், கூகுள் தன் 'இன்பாக்ஸ்' செயலியில் 'ஸ்மார்ட் ரிப்ளை' வசதியை உண்மையிலேயே அறிவித்தது. இது வந்த அஞ்சலுக்கு மூன்று சிறு பதில்களைக் காட்டும். ஒன்றைத் தொட்டால் போதும். இதில் இரண்டு செயற்கை நரம்பியல் வலையமைப்புகள் இணைந்து இயங்கின. ஒன்று வந்த அஞ்சலைச் சொல் சொல்லாகப் படித்து எண்களின் தொகுப்பாக மாற்றும். மற்றொன்று அந்த எண்களிலிருந்து பதிலைச் சொல் சொல்லாக உருவாக்கும்.

சோதனைக் காலத்தில் இரண்டு குறைகள் தென்பட்டன. மூன்று பரிந்துரைகளும் பெரும்பாலும் ஒரே பொருளையே வெவ்வேறு சொற்களில் கூறின. மேலும், எந்த அஞ்சலுக்கும் 'ஐ லவ் யூ' என்ற பதிலை இயந்திரம் அடிக்கடி முன்வைத்தது. மக்கள் மிகுதியாக எழுதும் பதில்களுள் அதுவும் ஒன்று. பொருத்தம் தெரியாதபோது இயந்திரம் பொதுவாகப் புழங்கும் பதிலையே தேர்ந்தது. பொதுவான பதில்களின் மதிப்பைக் குறைத்து இக்குறை திருத்தப்பட்டது. 2016-ல் அச்செயலியில் கைபேசிவழி அனுப்பப்பட்ட பதில்களில் 10 சதவீதம் இவ்வசதியின் துணையுடன் எழுதப்பட்டன.

ஸ்மார்ட் கம்போஸ்

2018 மே மாதம் அறிவிக்கப்பட்ட 'ஸ்மார்ட் கம்போஸ்', பயனர் தட்டச்சு செய்யும்போதே வாக்கியத்தின் எஞ்சிய பகுதியை ஊகித்துக் காட்டியது. அடுத்த வாரம் ஒரு முதலீட்டாளரைச் சந்திப்பதாக எழுதியபோது, அது 'அவனைச் சந்திக்க விரும்புகிறீர்களா' என்ற பொருளில் ஆண்பால் சொல்லைப் பரிந்துரைத்ததை ஆய்வாளர் ஒருவர் கவனித்தார்.  பழைய அஞ்சல்களில் கற்ற இயந்திரம், முதலீட்டாளர் என்றால் ஆண் என்று முடிவு செய்தது. கூகுள் ஆண்பால், பெண்பால் சுட்டும் பிரதிப்பெயர்ச் சொற்களைப் பரிந்துரைகளிலிருந்து முற்றிலும் நீக்கியது.

முழு அஞ்சல்கள்

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. 2023 மார்ச்சில் கூகுளும் மைக்ரோசாப்ட்டும் அஞ்சலை முழுதாக எழுதும் வசதிகளை அறிவித்தன. மைக்ரோசாப்ட்டின் கோபைலட், நீண்ட அஞ்சல் தொடர்களைச் சுருக்கியும் தந்தது. பெருநிறுவனங்களுக்கு அது 2023 நவம்பர் 1 முதல் பயனர் ஒருவருக்கு மாதம் 30 டாலர் கட்டணத்தில் விற்கப்பட்டது.

விவாதங்கள்

2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தது. அதையொட்டி வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் கல்லூரி தன் மாணவர்களுக்கு ஆறுதல் அஞ்சல் அனுப்பியது. அது சாட்ஜிபிடியைக் கொண்டு எழுதப்பட்டது என்ற குறிப்பு அதன் அடியிலேயே இருந்தது.  மாணவர்கள் கண்டித்தனர், கல்லூரி மன்னிப்புக் கேட்டது.

அதே ஆண்டு கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, பதில் பரிந்துரைகள் உரையாடலை விரைவாக்கி இனிய சொற்களைக் கூட்டுவதாகக் காட்டியது. ஆனால் எதிரில் இருப்பவர் இயந்திரத்தின் பதிலைப் பயன்படுத்துகிறார் என்று ஐயுற்றவர்கள் அவரைக் குறைவாகவே மதிப்பிட்டனர்.