தளத்தை விட்டு எழும் எடை: விமானந்தாங்கிக் கப்பல்களை எதைக் கொண்டு ஒப்பிடுவது?

இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1942-இல், பிரிட்டிஷ் கடற்படை அவசரமாக வரைந்த இலகுரக விமானந்தாங்கிக் கப்பல் வரைபடத்திலிருந்து பிறந்த இரண்டு கப்பல்களின் கதை இங்கே பயன்படும். ஒன்று ‘ஹெர்குலிஸ்’. பாதி கட்டப்பட்டுக் கிடந்த அதை 1957-இல் இந்தியா வாங்கியது. பெல்ஃபாஸ்டில் வேலை முடிந்து 1961-இல் ஐ.என்.எஸ். விக்ராந்த் ஆனது. மற்றது ‘வெனரபிள்’, டச்சுக் கடற்படையிடம் இருந்துவிட்டு அர்ஜென்டினாவுக்குப் போய் ‘வெயின்டிசின்கோ டி மாயோ’ என்று பெயர் மாறியது. 1971 டிசம்பரில் விக்ராந்தின் கொதிகலன் ஒன்றில் விரிசல் இருந்தது. முழு வேகம் எடுக்க முடியாத நிலை. அப்படியும் அதன் சீ ஹாக், அலிஸே விமானங்கள் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கி, கிழக்குப் பாகிஸ்தானின் கடல்வழியை அடைத்தன. ஃபாக்லாந்து போரில், 1982 மே 2 அன்று, அர்ஜென்டினாக் கப்பல் பிரிட்டிஷ் படையைத் தாக்க ஸ்கைஹாக் விமானங்களோடு காத்திருந்தது. காற்று ஓய்ந்துவிட்டது. குண்டுச் சுமையோடு மேலெழும்பப் போதிய எதிர்க்காற்று இல்லாததால் தாக்குதல் கைவிடப்பட்டது. அதே நாளில் அர்ஜென்டினாவின் ‘ஜெனரல் பெல்கிரானோ’ போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டதும் விமானந்தாங்கி கரைக்குத் திரும்பியது. போர் முடியும்வரை அது மீண்டும் களத்துக்கு வரவில்லை.

இரண்டும் ஏறக்குறைய ஒரே கப்பல். நீளம், எடை, விமான எண்ணிக்கை என்று பத்திரிகைகள் போடும் அட்டவணையில் அடுத்தடுத்த வரிகளில் நிற்கக்கூடியவை. அந்த அட்டவணை மறைத்துவிடும் இரண்டு கேள்விகளே முதன்மையானவை என்பது இக்கட்டுரையின் வாதம்: ஒரு விமானம் எவ்வளவு சுமையோடு அந்தத் தளத்தை விட்டு எழ முடியும்? எழும் விமானங்களில் தொலைவைப் பார்க்கும் விமானம் உண்டா?

முதல் கேள்விக்கு மேல்தளத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். இந்தியாவின் விக்ரமாதித்யா கப்பலில் மிக்-29கே போர் விமானம் புறப்படும்போது, தளத்திலிருந்து எழும் தடுப்புகள் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். இன்ஜின்கள் உச்ச விசையை எட்டியதும் தடுப்புகள் கீழே இறங்கும். விமானம் ஓடி, முகப்பில் சுமார் 14 டிகிரி வளைந்து உயரும் சரிவுமேடையில் ஏறித் தூக்கி எறியப்படும். சரிவின் விளிம்பைத் தாண்டும் அந்த நொடியில் அது பறக்கும் வேகத்தை இன்னும் முழுதாக எட்டியிருக்காது. மேல்நோக்கிக் கிடைத்த உந்தல் தரும் சில நொடிகளில்தான் மிச்ச வேகத்தைச் சேர்த்துக்கொள்கிறது. எல்லாம் விமானத்தின் சொந்த விசை. ஆகவே எரிபொருளா ஆயுதமா என்று ஒன்றைக் குறைத்தே ஆக வேண்டும். கேட்டபல்ட் உள்ள கப்பலில் தளத்துக்குள் ஓடும் பொறி விமானத்தின் முன்சக்கரத்தைப் பற்றி இழுத்து, இரண்டு மூன்று நொடிகளில் பறக்கும் வேகத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. சுமை நிறைந்த போர் விமானமும் போகலாம். இன்ஜின் விசை குறைந்த, ராடார் தட்டைச் சுமந்த புரொப்பெல்லர் விமானமும் போகலாம்.

அந்தப் புரொப்பெல்லர் விமானத்தில்தான் விஷயம் இருக்கிறது. பூமி உருண்டை, ராடார் கதிர் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. கப்பலின் கோபுரத்தில் 30 மீட்டர் உயரத்தில் உள்ள ராடாருக்கு, அலையை ஒட்டிப் பறந்து வரும் ஏவுகணை 30 கிலோமீட்டர் அருகில் வந்த பிறகே தெரியும். ஒலியின் வேகத்தை நெருங்கிவரும் ஏவுகணைக்கு அந்தத் தூரம் இரண்டு நிமிடம்கூட இல்லை. அதே ராடாரை 8,000 மீட்டர் உயரத்தில் வைத்தால் தொடுவானம் சுமார் 370 கிலோமீட்டருக்கு விலகிப் போகிறது. பிரிட்டன் தன் கடைசிப் பெரிய விமானந்தாங்கியான ‘ஆர்க் ராயல்’ கப்பலையும் அதிலிருந்து பறந்த கேனட் முன்னெச்சரிக்கை விமானங்களையும் 1978-79-இல் ஓய்வுபெற வைத்தது. நான்கே ஆண்டுகளில் ஃபாக்லாந்து போர் வந்தது. ‘ஹெர்மிஸ்’, ‘இன்வின்சிபிள்’ இரண்டும் ஹாரியர்களோடு போயின. உயரத்திலிருந்து பார்க்கும் கண் இல்லை. அந்த வேலையைச் செய்ய முன்னே நிறுத்தப்பட்ட நாசகாரிக் கப்பல்களில் ஒன்றான ‘ஷெஃபீல்டு’, மே 4 அன்று எக்ஸோசெட் ஏவுகணைக்கு இலக்கானது. 20 பேர் இறந்தார்கள். ஏவுகணையை வீசிய விமானம் கரையிலிருந்து வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். சீ கிங் ஹெலிகாப்டரில் அவசரமாக ராடார் பொருத்தினார்கள். அது போய்ச் சேர்வதற்குள் சண்டை ஓய்ந்திருந்தது.

இந்த அளவுகோலை வைத்தால் தரவரிசை கலைந்துபோகிறது. பிரிட்டனின் இன்றைய ‘குயின் எலிசபெத்’ சுமார் 65,000 டன். பிரான்சின் ‘சார்ல் த கோல்’ சுமார் 42,000 டன். ஆனால் பிரெஞ்சுக் கப்பலில் நீராவிக் கேட்டபல்ட் இரண்டு உண்டு. அதிலிருந்து ஹாக்ஐ முன்னெச்சரிக்கை விமானம் பறக்கிறது. அந்த விமானம் இறங்குவதற்காகவே சாய்தளத்தைச் சில மீட்டர் நீட்டினார்கள். பிரிட்டன் 2010-இல் கேட்டபல்ட் பொருத்துவதாக முடிவெடுத்து, செலவு எகிறியதும் 2012-இல் கைவிட்டது. இப்போது மெர்லின் ஹெலிகாப்டரில் ராடார். 3,000 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஹெலிகாப்டரின் தொடுவானம் 230 கிலோமீட்டரைத் தாண்டாது. வானில் நிற்கும் நேரமும் குறைவு. பெரிய கப்பலுக்குக் கிட்டப்பார்வை!

சீனா இதை நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறது. உக்ரைனிலிருந்து வாங்கிய ‘வர்யாக்’ கூடு ‘லியாவ்னிங்’ ஆனது, அதன் வழியில் ‘ஷான்டாங்’ கட்டப்பட்டது, இரண்டிலும் சரிவுமேடைதான். 2025 நவம்பரில் பணியேற்ற ‘ஃபூஜியான்’ 80,000 டன்னுக்கு மேல் என்பது தலைப்புச் செய்தி. மின்காந்தக் கேட்டபல்டும் அதிலிருந்து எழும் கே.ஜே-600 முன்னெச்சரிக்கை விமானமும் அதைவிடப் பெரிய செய்தி. அமெரிக்காவின் ‘ஜெரால்ட் ஃபோர்டு’ கப்பலும் மின்காந்தக் கேட்டபல்டை நம்பியதுதான். 2017-இல் பணியேற்ற அது, புதிய கருவிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, முழு அளவிலான பயணத்துக்கு 2023-இல்தான் கிளம்பியது.

எண்ணிக்கையும் ஏமாற்றும். ஒரே ஒரு விமானந்தாங்கி வைத்திருக்கும் நாட்டுக்குச் சில ஆண்டுகளில் ஒன்றுமே இருக்காது. 2017-18-இல் ‘சார்ல் த கோல்’ பழுதுபார்ப்பில் நின்றபோது பிரான்சுக்கு அதுதான் நடந்தது. ரஷ்யாவின் ‘அட்மிரல் குஸ்நெத்சோவ்’ பழுதுபார்க்கப் போனது. அதைத் தாங்கிய மிதவைத்துறை 2018-இல் மூழ்கியது, அடுத்த ஆண்டு கப்பலிலேயே தீப்பிடித்தது. தாய்லாந்தின் ‘சக்ரி நருபேத்’ கப்பலில் ஹாரியர்கள் ஓய்வுபெற்ற பிறகு ஹெலிகாப்டர்கள் மட்டுமே மிச்சம்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு 1971-லேயே இருக்கிறது. அன்றைய விக்ராந்தில் ஹாக்ஐ போன்ற முன்னெச்சரிக்கை விமானம் கிடையாது. தேவைப்படவும் இல்லை: டாக்காவில் இருந்த பாகிஸ்தானின் சேபர் விமானங்களை இந்திய விமானப்படை சில நாட்களிலேயே தரையோடு முடக்கிவிட்டது, விக்ராந்தைத் தேடி வந்த ‘காஸி’ நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு அருகே மூழ்கிப் போனது. எதிராளிக்குக் கண்ணும் கையும் இல்லாத கடலில் சிறிய தளமே போதும். வங்காள விரிகுடாவில் இன்றும் அரக்கோணத்து பி-8ஐ கண்காணிப்பு விமானங்களும் தஞ்சாவூரின் சுகோய்களும் முன்னெச்சரிக்கை விமானம் இல்லாத குறையில் ஒரு பகுதியை ஈடுகட்டும். ஆனால் கரை விமானங்கள் எட்டும் தூரத்திலேயே கப்பல் நிற்கும் என்றால், அவ்வளவு செலவில் விமானந்தாங்கி எதற்கு என்ற கேள்வி உடனே எழும். கரை எட்டாத இடத்தில்தான் அந்தக் கப்பலுக்கு வேலை; அங்கே போனதும் முன்னெச்சரிக்கை விமானம் இல்லாத குறை திரும்ப வந்து நிற்கிறது.

கொச்சியில் கட்டி 2022 செப்டம்பரில் பணியேற்ற புதிய விக்ராந்த் இந்த இடத்தில்தான் இருக்கிறது. சுமார் 45,000 டன், சரிவுமேடை, இறங்கும் விமானத்தின் கொக்கியைப் பிடிக்க மூன்று கம்பி வடங்கள், தொலைவைப் பார்க்க காமோவ்-31 ஹெலிகாப்டர். இந்தக் கப்பலுக்காக இந்தியா 2025 ஏப்ரலில் 26 ரஃபேல் கடற்படை விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. அந்த ரகம் சரிவுமேடையிலிருந்து எழும் என்பதை 2022 ஜனவரியிலேயே கோவாவில் கரையில் அமைந்த சோதனைத் தளத்தில் காட்டியிருந்தார்கள். 2028 முதல் அவை வந்துசேர வேண்டும். அப்போது ஒரே ரக விமானம் ‘சார்ல் த கோல்’ தளத்திலிருந்து கேட்டபல்டிலும், விக்ராந்திலிருந்து தன் சொந்த விசையிலும் புறப்படும். இரண்டும் தளத்தை விடும்போது எவ்வளவு எடையோடு போகின்றன என்ற அந்த ஒரு வித்தியாசம், இரு கப்பல்களைப் பற்றியும் எந்த அட்டவணையைவிடவும் அதிகம் சொல்லும்.